எதிர்த்திசையில் சம்பந்தி

ஜூன் 19, வியாழன்

சர்க்கரை அளவை தினமும் எழுதி வையுங்கள் என்றார் டாக்டர். அதற்காகத்தான் இந்த டைரி. சர்க்கரையைப் பற்றி எழுத ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது: கூடியிருக்கிறது. மீதிப் பக்கத்தைச் சும்மா விட மனம் வரவில்லை. மின்வாரியத்தில் காலமெல்லாம் கோப்புகளில் குறிப்பு எழுதிய கை.

“நடக்கணும் சார்” என்றார்.

“எங்க நடக்கறது? ரோட்டுல நடந்தா பைக்காரன் ஏத்திடுவான்.”

“வீட்டுக்கு எதிர்லயே இவ்ளோ பெரிய பார்க் இருக்கு. பாதி சென்னை பஸ் புடிச்சு அங்க வருது. நீங்க என்னைக் கேக்கறீங்க.”

உண்மைதான். கிழக்கு வாசலுக்கு எதிரே இத்தனை வருஷமாகக் குடியிருக்கிறேன். உள்ளே போனது ஒரே முறை, மலர்க் கண்காட்சிக்கு. அதுவும் வீட்டுக்காரி புனிதா இழுத்துக்கொண்டு போனதால்.

மகள் மேகலா வந்து ஒரு வாரம் ஆகிறது. கல்யாணமாகி நான்கு மாதம்தான். “ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேம்பா” என்றுதான் வந்தாள். இருக்கட்டுமே. இங்கே யார் துரத்துகிறார்கள்?

ஜூன் 20, வெள்ளி

முதல் நடை. புது ஷூ. மேகலா பார்த்துவிட்டு, “அப்பா, எல்கேஜில சேர்க்கக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கீங்க” என்றாள். அவள் வாய் அப்படி.

பூங்கா பெரியது. நடுவில் ஏரி, அதைச் சுற்றி நடைபாதை. நடைபாதையில் எல்லோரும் கோயில் பிரகாரம் சுற்றுவது போல ஒரே திசையில் வலமாக நடக்கிறார்கள். அப்படிப் பலகை எதுவும் இல்லை. உள்ளே நுழைந்ததும் கால் தானாகத் திரும்பிவிடுகிறது. நானும் திரும்பினேன். பத்தடி போயிருப்பேன், முன்னால் பழகிய முதுகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. வெள்ளை பனியன், காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை சாக்ஸ்.

சம்பந்தி ஏகாம்பரம். மேகலாவின் மாமனார்.

அவர் வீடு மேற்கு வாசலுக்கு எதிரே. பூங்காவைக் கடந்தால் பொண்ணு வீடு என்று நிச்சயதார்த்தத்தில் எல்லோரிடமும் பெருமையடித்தவன் நான்தான். இப்போது அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பின்னாலேயே நடந்தால் சமாதானம் கேட்டுத் துரத்துகிறேன் என்று நினைப்பார். முந்திப் போகலாம் என்றால் மூச்சு ஒத்துழைக்காது. வீட்டுக்குத் திரும்பினால் டாக்டருக்கும் புனிதாவுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

சட்டென்று யோசனை உதித்தது. அப்படியே திரும்பி எதிர்த்திசையில் நடந்தேன். இந்த வயதிலும் மூளை இப்படி வேலை செய்கிறதே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜூன் 21, சனி

வட்டப் பாதையில் எதிரெதிராக நடக்கும் இரண்டு பேர் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முகத்துக்கு முகம் சந்தித்தே தீருவார்கள். இது பள்ளிக்கூடக் கணக்கு. நான் பொறியியல் படித்தவன்.

ஜூன் 23, திங்கள்

இனி திசையை மாற்ற முடியாது. மாற்றினால் பயந்துவிட்டேன் என்று ஆகிவிடும். ஆகவே உபாயங்களைக் கையாளுகிறேன். தூரத்தில் காக்கி அரைக்கால் சட்டை தெரிந்ததும் போனைக் காதில் வைத்து, “ஆங், சொல்லுங்க” என்பேன். இன்று அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே போன் மணி அடித்துத் தொலைத்தது. அவர் உதட்டோரம் லேசாகத் துடித்ததைப் பார்த்தேன்.

அவருடைய உபாயம் வேறு. என்னைக் கண்டதும் பக்கத்து மரத்தின் முன் நின்று பெயர்ப்பலகையைப் படிக்க ஆரம்பித்துவிடுவார். ஏதோ பரீட்சைக்குப் படிப்பது போல அப்படி ஒரு கவனம். ஒரு புங்க மரத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

சண்டையின் வரலாற்றையும் எழுதி வைத்துவிடுகிறேன். மாப்பிள்ளை திவாகருக்கு ஏசி குளிராக ஓட வேண்டும். மேகலாவுக்கு ஆகாது. அதில் வாய்த்தகராறு. இவள் கிளம்பி இங்கே வந்துவிட்டாள். தகப்பன் என்று ஒருவன் இருக்கிறேனே, சும்மா இருக்கலாமா? சம்பந்திக்கு போன் போட்டேன்.

“என் பொண்ணு குளிர்ல நடுங்கித்தான் உங்க வீட்ல வாழணுமா?” என்றேன்.

“ஏசி நீங்க சீரா குடுத்ததுதான் சம்பந்தி. கூட்டிக் குறைக்க வரலைன்னா நாங்க இன்னா பண்றது?”

சீராகக் கொடுத்ததைக் குறை சொல்கிறார். அதுவும் மின்வாரியத்துக்காரனிடம். “உங்க வீட்டு வயரிங்குல எந்த ஏசியும் ஒழுங்கா ஓடாது” என்றேன். அந்த வீட்டை அவர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு செங்கல்லுக்கும் தண்ணீர் ஊற்றிக் கட்டியவர். போனை வைத்துவிட்டார். அன்றிலிருந்து இப்படி.

ஜூன் 28, சனி

மேகலா வந்ததிலிருந்து வீடு வீடாக இருக்கிறது. சாயங்காலம் கேரம் ஆடுகிறோம். சிவப்புக் காயை அவள்தான் போடுகிறாள். தோற்பது எனக்கும் சந்தோஷமாகவே இருக்கிறது. அவள் கட்டில் ஆடியது. அதைக் கொடுத்துவிட்டுப் புதுக் கட்டில் வாங்கினேன். ஆபீஸ் வேலை பார்க்க வசதியாக ஜன்னலோரம் ஒரு மேஜையும்.

“ரெண்டு நாளைக்குன்னு வந்த பொண்ணுக்கு எதுக்குங்க புதுக் கட்டிலு?” என்று கேட்டாள் புனிதா.

தள்ளுபடியில் கிடைத்தது என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

மேல்வீட்டு விசாலம்மா லிஃப்டில் மடக்கினார். “இன்னா சார், ஆடிக்கு இன்னும் நாள் கிடக்கே, பொண்ணு இப்பவே வந்துடுச்சா?”

தலை ஆடி. கல்யாணமான முதல் ஆடியில் பெண் வீட்டார் தட்டோடு போய், சம்பந்தியை முறையாகக் கேட்டு, பெண்ணை அழைத்துவர வேண்டும். ஆடி முழுக்கப் பெண் பிறந்த வீட்டில் இருப்பாள். காரணத்தை டைரியில் எழுத வேண்டியதில்லை. ஏற்கெனவே கோபித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிற பெண்ணை எப்படி அழைத்துவருவது? அழைக்க வேண்டுமென்றால் முதலில் அனுப்ப வேண்டும். அனுப்பாமல் ஆடி பிறந்துவிட்டால் அப்புறம் ஆவணியில்தான் பேச முடியும். “அதுக்குள்ள ரெண்டு பக்கமும் மனசு விட்டுப் போயிடும். ஆனி முடியறதுக்குள்ள சம்பந்திகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க” என்கிறாள் புனிதா.

முதலில் அவர் பேசட்டும்.

ஜூலை 4, வெள்ளி

மேகலா யோகா வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். திங்கள், புதன், வெள்ளி, சாயங்காலங்களில். பாவம், உள்ளுக்குள் எவ்வளவு வேதனையோ. தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு கிளம்பினாள். யோகாவுக்கு எதற்குப் பூ என்று கேட்டேன். மூச்சுப் பயிற்சிக்கு வாசனை நல்லது என்றாள். எத்தனை விஷயம் நமக்குத் தெரியாமலே இருக்கிறது!

பால்கனியில் நின்று ஆபீஸ் போனும் அடிக்கடி பேசுகிறாள். சிரிப்புச் சத்தம் கூடம் வரை வருகிறது. எங்கள் காலத்தில் மேலதிகாரி போனில் பேசினால் வியர்க்கும்.

ஜூலை 7, திங்கள்

சர்க்கரை இறங்கவில்லை. சாயங்காலமும் நடப்பது என்று முடிவு செய்தேன். சாயங்காலம் என்றால் சம்பந்தி இருக்க மாட்டார்.

“சாயங்காலம் வேணாங்க, ஏரிக் கொசு புடுங்கி எடுத்துடும்” என்று புனிதா வழியை மறித்துக்கொண்டு நின்றாள். என் மேல் அவ்வளவு அக்கறை. நான் கேட்கவில்லை.

போனதும் நல்லதாகப் போயிற்று. மூங்கில் புதர் ஓரத்துப் பெஞ்சில் ஒரு ஜோடி. மழையும் இல்லை, வெயிலும் இல்லை, தலைக்கு மேல் ஊதாக் குடை! எங்கள் வீட்டிலும் அதே போல ஒரு குடை உண்டு. இப்போது எல்லோரும் அதையே வாங்குகிறார்கள். குடைக்குக் கீழே இரண்டு முதுகுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போனதால் மேற்கொண்டு தெரியவில்லை. தெரிந்த வரைக்கும் போதும். குழந்தை குட்டிகள் வருகிற இடம். இந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்னதான் செய்துகொண்டிருக்கிறார்கள்?

செக்யூரிட்டி தேசிங்கைப் பிடித்துச் சொன்னேன். “இன்னா சார் நீ, லவ் பண்றவன் பார்க்குக்கு வராம ரேஷன் கடைக்கா போவான்?” என்றான். பொறுப்புள்ள குடிமகன் என்ற முறையில் கொஞ்சம் சத்தம் போட்டேன். மறுபடி வந்தால் மடக்கிவிட்டு போன் செய்கிறேன் என்று என் நம்பரை வாங்கிக்கொண்டான். “காலைல இன்னொரு பெரியவரும் இதே பாட்டுதான் பாடினாரு. நேத்து எதுக்கோ சாயங்காலம் வந்தாராம், ஒரே ஜோடியா திரியுதுங்களாம்” என்றான். இந்த ஊரில் இன்னும் ஒரு நல்ல மனிதர் இருக்கிறார் என்று ஆறுதலாக இருந்தது.

ஜூலை 9, புதன்

புனிதா மசால் வடை சுட்டாள். எனக்கு ஒன்றுகூட இல்லை. சர்க்கரையாம். டப்பா நிறைய யோகா டீச்சருக்கு. யோகா டீச்சர் வடை தின்பாரா?

ஜூலை 11, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு தேசிங்கு போன் செய்தான். “சார், அந்த ஊதாக் கொடைய அமுக்கிட்டேன். சீக்கிரம் வா.” சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். புனிதா கையைப் பிடித்து இழுத்தாள். “போவாதீங்க, சொன்னா கேளுங்க.” சமூகக் கடமைக்குக் குறுக்கே வராதே என்று வசனம் பேசிவிட்டுப் போனேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

மூங்கில் பெஞ்சு தெரிகிற திருப்பத்தில் கிழக்கிலிருந்து நானும் மேற்கிலிருந்து ஏகாம்பரமும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தோம். புகார் கொடுத்த அந்த இன்னொரு நல்ல மனிதர் அவர்தான். தேசிங்கு அவருக்கும் போன் செய்திருக்கிறான்.

தேசிங்கு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதட்டிக்கொண்டிருந்தான். “தாலி கெடக்கு கய்த்துல, அப்பால எதுக்கும்மா இங்க வந்து குந்திகினு? வீட்டுக்குத் தெரியாம வந்துருக்கீங்களா? உங்கப்பா யாரு? போன் போடு.”

“போன் வேணாண்ணா” என்றது குடை. “எங்கப்பா பின்னாடிதான் நிக்கிறாரு.”

“எங்கப்பாவும்” என்றது இன்னொரு குரல்.

குடை மெதுவாக மடங்கியது. மேகலா. பக்கத்தில் மாப்பிள்ளை. நடுவில் எங்கள் வீட்டு எவர்சில்வர் டப்பா, அதில் கடித்த மசால் வடை. மாப்பிள்ளை சட்டென்று எழுந்து, “வணக்கம் மாமா” என்றார், வாயில் வடையோடு.

தேசிங்கு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். “ரெண்டு பெருசுங்களும் பெத்த புள்ளைங்க மேலயேவா கம்ப்ளைண்டு குடுத்தீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான். கொஞ்ச தூரத்தில் அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஏகாம்பரம் பக்கத்து மரத்தின் பெயர்ப்பலகையைப் படிக்க ஆரம்பித்தார். எனக்குப் போனை எடுக்கவும் தோன்றவில்லை.

“சமாதானம் ஆயிட்டீங்கன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதானேம்மா?” என்றேன்.

மேகலா கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள். “மூணாவது நாளே சமாதானம் ஆயிட்டோம்பா. அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் போன்ல அடிச்சுக்கிட்டீங்க. நானா திரும்பிப் போனா நீங்க தலைகுனிஞ்ச மாதிரி ஆயிடும். இவரு வந்து கூப்பிட்டா மாமாவுக்கு அப்படி ஆயிடும். உங்களுக்காகத்தாம்பா இருக்கேன்.”

நான் மேகலாவுக்காகச் சண்டை போட்டேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எனக்காக அவள் புருஷனைப் பிரிந்து, பார்க் பெஞ்சில் குடைக்குள் ஒளிந்து குடும்பம் நடத்தியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. ஏகாம்பரம் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அவர் முதுகும் அதையே சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் புனிதா சாப்பாடு போட்டாள். தட்டின் ஓரத்தில் இரண்டு மசால் வடை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரிந்தவளுக்குக் கேட்க என்ன இருக்கிறது?

ஜூலை 12, சனி

இறங்கிப் போவது என்று முடிவெடுத்தேன். எதிர்த்திசை போதும். ஊரோடு ஒத்து வலமாக நடந்து, பின்னாலேயே போய், சம்பந்தி என்று கூப்பிட்டுவிட வேண்டும். முன்னால் போகிற முதுகுகளில் காக்கி அரைக்கால் சட்டையைத் தேடிக்கொண்டே நடந்தேன். காணவில்லை. இன்று வரவில்லையோ என்று ஏரித் திருப்பத்தில் திரும்பினால், எதிரே நேராக என்னைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறார். என் வழியில் வந்து என்னைப் பிடிக்கலாம் என்று அவரும் திசையை மாற்றியிருக்கிறார்.

இரண்டு பேரும் நின்றோம். அவர் பக்கத்தில் மரம் இல்லை. என் போன் வீட்டில்.

“நடையெல்லாம் எப்படிப் போவுது சம்பந்தி?” என்றேன்.

“எங்க போவுது? எதிரும் புதிருமாத்தான் போவுது.”

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் “சார், வழி!” என்று கத்தியதும்தான் நடுப்பாதையில் நிற்பது உறைத்தது.

“வயரிங்கைப் பத்தி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றேன்.

“விடுங்க. ஏசியைப் பத்தி நான் மட்டும் சொல்லலாமா?”

பூங்கா வாசலில் வாழைத்தண்டு சூப் குடித்தோம். “திங்கக்கிழமை மேகலாவைக் கொண்டாந்து விடறேன். அப்புறம் ஆடிக்கு முறையா வந்து அழைக்கிறேன்” என்றேன். “தட்டு கிட்டு பெருசா வேணாம் சம்பந்தி, எனக்கும் சர்க்கரைதான்” என்றார்.

ஜூலை 14, திங்கள்

மேகலாவைக் கொண்டுபோய் விட்டோம். டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவருமாகப் போயிருந்தேன். வயரிங் முழுவதையும் பார்த்தேன், சுத்தம். ஏசியைப் பிரித்துப் பார்த்தேன், அதுவும் சுத்தம். வேர்க்க விறுவிறுக்க இறங்கியபோது மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். “ரிமோட்டுல பேட்டரி தீர்ந்து போயிருந்துச்சு மாமா. அப்புறம் மாத்திட்டோம். நீங்க இவ்ளோ தூரம் டெஸ்டரெல்லாம் எடுத்துட்டு வந்தீங்களேன்னு சொல்ல மனசு வரல.”

இரண்டு குடும்பங்களைப் பிரித்து வைத்தது இரண்டு பென்சில் பேட்டரி. மின்வாரியத்தில் என்னை எப்படி வேலைக்கு எடுத்தார்களோ!

திரும்பும்போது புனிதாவும் நானும் பூங்கா வழியாகவே நடந்து வந்தோம்.

ஜூலை 15, செவ்வாய்

அவள் அறையில் புதுக் கட்டில் அப்படியே கிடக்கிறது. பரவாயில்லை, நாளை மறுநாள் ஆடி. ஒரு மாதம் இங்கேதான். கேரம் போர்டுக்குப் பவுடர் வாங்கி வைத்தேன்.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

காலையில் பழம், பூ, வெற்றிலை, வேட்டி, புடவை என்று தட்டு நிறைய எடுத்துக்கொண்டு போய் அழைத்தோம். ஏகாம்பரம் முறைப்படி எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். மகளும் மாப்பிள்ளையும் மத்தியானம் வந்தார்கள், அவரும் கூடவே. தேங்காய்ப்பால் பாயசம். எனக்கும் அவருக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி, புனிதாவின் மேற்பார்வையில்.

சாப்பிட்டு முடித்ததும் ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். “சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. முறைன்னு பார்த்தா ஒரு மாசம் இருக்கணும். ஆனா பாப்பா ஏற்கெனவே ஒரு மாசம் இங்க இருந்துடுச்சே. அதையே ஆடிக் கணக்குல வெச்சுக்கிட்டா என்ன?”

நான் மேகலாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு பாயச டம்ளரின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை காற்றாடியைப் பார்த்தார். முறை முறைதான் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் இருந்திருப்பாள். புதுக் கட்டிலில் படுத்து, கேரம் ஆடி, திங்கள் புதன் வெள்ளியில் யோகாவுக்குப் போயிருப்பாள். அவள் போக வேண்டாம் என்று முதல் நாளிலிருந்து நினைத்தவன் நான் ஒருவன்தான். ஏசி ஒரு சாக்கு.

“சரியான கணக்குதான் சம்பந்தி” என்றேன்.

மேகலா ஓடி வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். “ஞாயித்துக்கிழமை வந்து உங்களைக் கேரம்ல தோக்கடிக்கிறேம்பா” என்றாள். இப்போதே தோற்றுத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லவில்லை.

அவர்கள் போனபின் வீட்டில் இருக்க முடியவில்லை. “நடந்துட்டு வரலாமா?” என்றேன். புனிதா காலையில் மிஞ்சிய பூவைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வழக்கமாக நடக்கக் கிளம்பினால் பூ வைக்க மாட்டாள். நான் எதற்கென்று கேட்கவில்லை. இப்போது எனக்கும் கொஞ்சம் விவரம் வந்திருக்கிறது.

மூங்கில் பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார்ந்தோம். லேசாகத் தூறியது. புனிதா ஊதாக் குடையை விரித்தாள். “அழுவணும்னா அழுதுடுங்க, கொடைக்குள்ள யாருக்கும் தெரியாது” என்றாள். அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு வெளியிடத்தில் அவள் என் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

விசில் சத்தம். தேசிங்கு வேகமாக வந்து குடைக்குள் குனிந்து பார்த்தான். “அட, நீயா சார்?”

“உக்காரக் கூடாதா?”

“எனக்கு இன்னா சார். கம்ப்ளைண்டு வந்துச்சு. மூங்கில் பெஞ்சுல ஒரு ஜோடி ரொம்ப நேரமா குந்திகினு இருக்கு, குடும்பம் வர்ற எடம், பார்க்கவே நல்லால்லன்னு ஒரு பெரியவரு சொன்னாரு.”

குடையை விலக்கி எட்டிப் பார்த்தேன். நடைபாதைக்கு அந்தப் பக்கம், தூறலில் நனைந்துகொண்டு, ஏகாம்பரம் ஒரு புங்க மரத்தின் பெயர்ப்பலகையை மிகவும் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.